தொட்டிக்கு ஈடாக வந்த வண்டி

மட்டாஞ்சேரி ஜூ டவுனில் சுக்கு மண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் விடுதியிலிருந்து படுக்கை விரிப்புகள் திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. அங்கே அறைகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபர்ஸானா மூட்டையை அவிழ்த்து, மேலே இருந்த விரிப்பை எடுத்து, துணியை வெளுத்துக் கொண்டுவந்து கொடுக்கும் ஆவுடையம்மாளிடம் நீட்டினாள்.

"ஒண்ணு மணத்திப் பாருங்க சேச்சி."

ஆவுடையம்மாள் மூக்கருகே கொண்டுபோனாள். முதலில் கஞ்சியின் மணம் வந்தது. அதற்கு அடியிலிருந்து தீய்ந்த எண்ணெய் வாடை எழுந்தது.

"கறை ஒண்ணும் இல்ல. வெளுப்புக்கும் இஸ்திரிக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். பட்சே இதுல படுத்த மதாம்மா காலைல வந்து, வர்க்‌ஷாப்புல படுத்த மாதிரி இருந்துச்சுன்னு சொல்றா. நான் என்ன பதில் சொல்ல?"

"மழைக்காலம் இல்லியா மோளே. எல்லாம் கூரைக்குள்ள காயப் போட்டது."

"மழைக்கு இந்த மணம் வராது. உங்க வண்டிதான். போன தடவை அது நின்ன எடத்துல, முற்றத்துக் கல்லுல, கருப்பா வட்டம். சோடாக்காரம் போட்டுத் தேய்ச்சும் போகல. மொதலாளி பாத்துட்டாரு. தோப்பும்படியில மிஷின்ல துவைக்கிறவங்க ரெண்டு வாட்டி வந்து கேட்டுட்டுப் போயாச்சு. இனி ஒரு தடவை இப்பிடி வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது சேச்சி."

வெளியே வேனில் அவள் புருஷன் நல்லசிவம் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்த மூட்டையைப் பார்த்தும் அவன் இறங்கவில்லை. ஆவுடையம்மாளே பின்கதவைத் தூக்கி உள்ளே தள்ளினாள். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் சீட்டுக்கு அடியிலிருந்து அதே வாடை வந்தது. அந்த ஆம்னி வேனில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. நாள்தோறும் அதன்மேல் உட்கார்ந்து வந்ததில் அவளுக்கு வாடை பழகிப்போயிருந்தது.

"என்னவாம்?" என்றான் நல்லசிவம்.

"ஓயில் நாத்தம் அடிக்காம்."

"ஏதாவது காஸ்கெட்டா இருக்கும். பாத்துக்கிடலாம்."

காஸ்கெட் என்று அவன் சொல்வது புதிதல்ல. மேல் மூடியின் காஸ்கெட்டை மாற்றியாயிற்று. ஃபில்ட்டரை மாற்றியாயிற்று. கெட்டியான எண்ணெய் ஊற்றினால் நிற்கும் என்று எவனோ சொன்னான் என்று அதையும் ஊற்றிப் பார்த்தாயிற்று. இதற்கெல்லாம் தோப்பும்படி வரைக்கும் போய்வந்தான். வீட்டுக்கு அருகிலேயே பஜார் ரோட்டில் முனீரின் வர்க்‌ஷாப் இருந்தது. அவன் கடையநல்லூர்க் குடும்பத்துப் பிள்ளை. களத்து ஆட்களின் வண்டி எல்லாம் அவனிடம்தான் போகும். அங்கே போகலாமே என்று ஆவுடையம்மாள் சொன்னபோதெல்லாம், "அவன் கைக்கு எட்டுனத எல்லாம் கழட்டிப் போட்டுட்டு சாயா குடிக்கப் போயிடுவான்" என்று நல்லசிவம் பேச்சை முடித்துவிடுவான்.

களம் என்றால் துணி வெளுக்கும் களம். தென்காசிப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்த வண்ணார் குடும்பங்கள் அங்கே வேலை செய்கின்றன. சுவர் எழுப்பிய வரிசையான சிமெண்டுத் தொட்டிகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் துணி அடிக்க ஒரு கல். பின்னால் கயிறு முறுக்கிக் கட்டிய காயப்போடும் மைதானம். ஒரு தொட்டி ஒரு குடும்பத்துக்கு. ஹோட்டலும் தங்கும் விடுதியும் பெருகிய பிறகு தொட்டி கிடைக்காமல் காத்துக் கிடப்பவர்கள் உண்டு. ஆவுடையம்மாளின் அப்பா பலவேசம் ஆண்பிள்ளை இல்லாதவர். மகளைக் கட்டிக்கொடுத்து, மருமகன் நல்லசிவத்தை ஊரிலிருந்து கூட்டிவந்து தன் தொட்டியிலேயே நிறுத்தினார். அவர் செத்த பிறகு தொட்டி ஆவுடையம்மாள் பேருக்கு வந்தது.

போன ஓணத்துக்கு முன்னால் அந்தத் தொட்டியைத்தான் நல்லசிவத்தின் தம்பி தங்கதுரைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். தங்கதுரையிடம் வேன் இருந்தது, தொட்டி இல்லை. இவர்களிடம் தொட்டி இருந்தது, வேன் இல்லை. "துவைக்க ஆள் எங்கயும் கிடைக்கும். கொண்டுபோய்ச் சேர்க்க வண்டிதான் இல்ல. களத்து மூட்டை எல்லாத்தையும் நாமளே எடுத்துக் கொடுத்தா போதும், நீ இஸ்திரியோட நின்னுக்கிடலாம். தண்ணியில நிக்க வேண்டாம்" என்று நல்லசிவம் சொன்னான். வெள்ளை பெயின்ட் அடித்து, பின்னால் மல்லிகைப்பூ ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியைப் பார்த்தபோது ஆவுடையம்மாளுக்கும் ஆசை வந்தது. தண்ணியில் நிற்க வேண்டாம் என்று ஒருவன் தனக்காகச் சொன்னதே அவளுக்குப் போதுமாக இருந்தது. களத்துச் சங்கத்தில் போய்ப் பேரை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதன் பிறகு துணியைக் களத்தில் மற்றவர்களிடம் கூலிக்குத் துவைக்கக் கொடுத்து, இஸ்திரியை மட்டும் அவள் பார்த்தாள்.

விரிப்புகள் திரும்பி வந்த அன்று சாயங்காலம் அவள் கழிவில் போட்ட ஒரு பெரிய வெள்ளை விரிப்பை எடுத்துக்கொண்டு சந்துக்கு வந்தாள்.

"என்னத்துக்கு அது?" என்றான் நல்லசிவம்.

"வண்டிக்கு அடியில விரிக்கப் போறேன். எங்க இருந்து வடியுதுன்னு தெரியாமலே எத்தனையத்தான் மாத்துவீங்க? நாளைக்குப் பாத்தா தெரிஞ்சிடும் இல்லியா."

"உனக்கு எதுக்கு இந்த வேலை."

"நாத்தம் பிடிச்ச துணிய மறுபடி அலசப்போறது நான்தானே."

விடிந்து பார்த்தபோது விரிப்பின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கறை. அதிலிருந்து பின்பக்கமாகச் சின்னச் சின்னதாகப் பொட்டுகள். நல்லசிவம் குனிந்து பார்த்து, "பாத்தியா, எல்லாம் பின்னால. கியர்பாக்ஸ். அது வேற ஓயில், அதுக்குப் பயப்பட வேண்டாம்" என்றான். பிறகு முகம் வழிக்க சலூனுக்குப் போனான்.

ஆவுடையம்மாள் கறையை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவன் கேனிலிருந்து ஊற்றும் எண்ணெய் கறுத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. அவள் விரிப்பை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குடையை விரித்து, பஜார் ரோட்டுக்கு நடந்தாள். மிளகு லாரி ஒன்று வழியை அடைத்து நின்றது. சுமைக்காரர்கள் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மழையிலேயே இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

முனீர் விரிப்பை வாங்கித் தரையில் பரப்பிப் பார்த்தான்.

"இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சேச்சி. சொட்டுற எடம் வேற, கேடு வேற. மேல எங்கயாவது கசிஞ்சு, அடியில ஓடி, வண்டி போற காத்துல பின்னால தள்ளித்தான் சொட்டும். முழுக்கக் கழுவிட்டுப் பாக்கணும். வண்டி எங்க?"

"வீட்டுச் சந்துல நிக்குது. அவர் சலூனுக்குப் போயிருக்கார்."

"சாவி உண்டோ?"

"உண்டு."

அவன் ஒரு டப்பாவில் மண்ணெண்ணெயும் பிரஷும் எடுத்துக்கொண்டு கூடவே வந்தான். சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்தபோது எஞ்சின் முழுவதும் கறுப்புப் பிசின் அப்பியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தான். ஆவுடையம்மாள் கிழிந்த தலையணை உறைகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டான். இரும்பு வெளியே தெரிந்ததும், "முகத்துல பூசுற பவுடர் இருக்கா?" என்று கேட்டான். அவள் கொண்டுவந்து கொடுத்ததை உள்ளங்கையில் கொட்டி எஞ்சினின் நாலு பக்கமும் ஊதினான். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, சூடு ஏறட்டும் என்று விட்டுவிட்டுச் சக்கரத்துப் பக்கம் குந்தினான்.

"ஓயில் கீழ இருந்து மேல ஏறாது. அதனால மேல இருந்து பாத்துட்டு வரணும். டார்ச்சப் பிடிங்க. இது மேல் மூடி. இங்கதான் காஸ்கெட்டு மாத்தினாங்களா? காஞ்சிருக்கு பாருங்க. இது ஃபில்ட்டர். காஞ்சிருக்கு. இது பிரஷர் சுவிட்சு, சாதாரணமா இங்க இருந்துதான் கசியும். பவுடர் அப்படியே இருக்கு."

"அப்போ ஒண்ணும் இல்லியா?"

"இருங்க."

சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். சந்தின் ஓரமாக மழைத்தண்ணீர் ஓடி அவன் முதுகுப் பக்கம் நனைந்தது. "டார்ச்ச இங்கோட்டு," என்றான். ஆவுடையம்மாள் முழங்காலை ஊன்றிக் குனிந்து வெளிச்சத்தைக் காட்டினாள். எஞ்சினின் பக்கச் சுவரில், எண்ணெய்த் தொட்டிக்கு ஒரு சாண் மேலே, வெள்ளைப் பவுடரின் நடுவில் தலைமுடி ஒட்டியது போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தடித்தது. அதன் கீழ்முனையில் ஒரு துளி திரண்டு, நழுவி, சூடான சைலன்சர் குழாயில் விழுந்து புகைந்தது.

முனீர் எஞ்சினை நிறுத்தச் சொன்னான். ஸ்க்ரூ டிரைவரால் அந்த இடத்தைச் சுரண்டினான். வெள்ளி நிறப் பெயின்ட் உரிந்தது. அதற்கு அடியில் சாம்பல் நிறப் பசை கட்டியாகப் பெயர்ந்து அவன் மார்பில் விழுந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தவன் வெளியே வந்து, டிரைவர் பக்கத்து ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தான். அங்கே வெள்ளை பெயின்ட் இல்லை. நீலம்.

"இந்த வண்டி எங்க இருந்து சேச்சி?"

"கொழுந்தன் தந்தது. தங்கதுரை."

முனீர் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். அப்போது சந்து முனையில் நல்லசிவம் வந்தான். வழித்த முகத்தில் பவுடர் பூசியிருந்தான். வண்டியையும் முனீரையும் பார்த்ததும் அவன் நடை தளர்ந்தது.

"சேட்டா, இது அந்த நீல வண்டிதானே," என்றான் முனீர். "பெயின்ட் மாறினதுல எனக்குத் தெரியாமப் போச்சு. நான் அன்னைக்கே பறஞ்சேனே, உள்ள ராடு ஒடஞ்சு இடிச்சு எஞ்சின் பிளாக் கீறியிருக்குன்னு. நான் வைக்கிற பசை ஒரு மழைக்காலம் தாங்கும், அதுக்கு மேல எனக்குப் பொறுப்பில்லன்னு. நீங்களும் உங்க தம்பியும் டார்ச்சடிச்சுப் பாத்துட்டுத்தான போனீங்க."

நல்லசிவம் ஆவுடையம்மாளைப் பார்க்காமல், "மறுபடி வைக்க முடியுமா?" என்று கேட்டான்.

"வைக்கலாம். நிக்காது. கீறல் நீண்டிருக்கு. பிளாக்கையே மாத்தணும். இந்த வண்டிக்கு அது நஷ்டம்." அதற்குள் முனீருக்கு ஏதோ புரிந்துவிட்டது. டப்பாவை எடுத்துக்கொண்டான்.

"சாயா குடிச்சிட்டுப் போ முனீரே," என்றாள் ஆவுடையம்மாள்.

"இல்ல சேச்சி. கடையில ஆள் நிக்குது."

அவள் கிடந்த துணிகளைப் பொறுக்கி வாளியில் போட்டாள். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கப்பைக் கிழங்கைத் தோலுரித்து வெட்டி வேகவைத்தாள். மத்தி மீனைக் கழுவி மிளகும் புளியும் போட்டுக் குழம்பு வைத்தாள். நல்லசிவம் கட்டிலில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். ஓட்டின்மேல் மழை விடாமல் பெய்தது. கப்பையைத் தட்டில் கொட்டி அவன் முன்னால் வைத்துவிட்டு அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சேதான் வாங்கினீங்க."

"நீயும் போட்டுச் சாப்பிடு."

"உங்க தம்பி ஏமாத்திட்டான்னு நெனைச்சேன். முனீர் சுரண்டும்போது அதத்தான் நெனைச்சேன். இனி அவன் மொகத்துல எப்பிடி முழிக்கன்னு கூட நெனைச்சேன்."

"அவன் ஒண்ணும் ஏமாத்தல."

"அது தெரிஞ்சுது."

அவன் ஒரு துண்டுக் கப்பையை எடுத்துக் குழம்பில் தொட்டான், வாயில் வைக்கவில்லை.

"நான் வந்த புதுசுல உங்கப்பா என்ன செஞ்சார்னு நெனைப்பு இருக்கா? நான் வெளுத்த மூட்டைய எல்லாரும் பாக்கக் காலால தட்டி விட்டார். கழுதை கூட ஒன்னவிட நல்லா வெளுக்கும்னார். நீயும் சிரிச்ச."

ஆவுடையம்மாளுக்கு அது நினைவில் இல்லை. சிரித்திருக்க மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"அவர் செத்தும் எத்தன வருசமாச்சு. இன்னைக்கும் பலவேசம் தொட்டி. பலவேசம் மருமகன். எனக்கு ஒரு பேர் இருக்குன்னு களத்துல எவனுக்குத் தெரியும்? கல்யாண வீட்டுக்குப் போனா, பலவேசம் வீட்டு ஆள் வந்தாச்சுன்னு எல வைக்கான்."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

"எனக்கு வேண்டாம், நான் எங்கயாவது டிரைவராப் போறேன்னு சொல்லியிருந்தா நான் தடுத்திருப்பேனா? தொட்டியில நானே நின்னிருப்பேனே. அம்மைக்குப் பின்னால அப்பாகூட நின்னவதானே நான்."

"நீ தொட்டியில நிக்க நான் வண்டி ஓட்டினாலும் திங்கிறது பலவேசம் தொட்டிச் சோறுதான். அது கைய விட்டுப் போகணும்னு நெனைச்சேன். வண்டி ஓடுனா ஓடட்டும், ஓடாட்டிப் போகட்டும்னு நெனைச்சேன்."

"தண்ணியில நிக்க வேண்டாம்னு சொன்னீங்களே எங்கிட்ட."

அவன் குழம்பில் தொட்ட கப்பையைத் தின்றான். பிறகு இன்னொன்றை எடுத்தான். பசித்திருந்தது போலும். ஆவுடையம்மாள் அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். காக்கநாட்டில் வேலை பார்க்கும் மகள் ஸாதனாவுக்குப் போன் செய்யலாமா என்று யோசித்தாள். செய்து என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் களத்துக்குப் போனாள். தங்கதுரை தொட்டிக்குள் இடுப்பளவு நனைந்து நின்றான். அவன் மனைவி மகா சோப்புத் தண்ணீரில் ஊறிய துண்டுகளை மிதித்துக்கொண்டிருந்தாள். கல்லுக்கு மேலே சுவரில் பலவேசம் என்று தமிழில் எழுதியிருந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்து, தங்கதுரை என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. மகாவுக்குத் தமிழ் எழுத வராது; இங்கேயே படித்தவள்.

"முனீர் சொன்னான் மைனி," என்று தங்கதுரையே தொடங்கினான். "நான் அண்ணன்கிட்ட ஒண்ணும் மறைக்கல. வேற எஞ்சின் கிடைச்சா மாத்தித் தாரேன்னு கூடச் சொன்னேன். ஓணம் கழியட்டும்னேன். அண்ணன்தான், அது வேண்டாம், சங்கத்துல சீக்கிரம் பேர மாத்திடுவோம், அவ மனசு மாறுறதுக்கு முன்னாலன்னு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தங்கதுரை."

"புருஷன் பெஞ்சாதிக்கு இடையில நான் என்னத்த வந்து சொல்ல."

"வண்டிய எடுத்துக்கோ. தொட்டியத் திருப்பிக் குடு."

தங்கதுரை கையிலிருந்த விரிப்பைக் கல்லில் வைத்துவிட்டு மகாவைப் பார்த்தான். மகா மிதிப்பதை நிறுத்தினாள். அவளுக்குக் கோபம் இல்லை. குரல் தணிந்துதான் வந்தது.

"அக்கா, நாங்க இத நம்பி புதுசா ரெண்டு விடுதி எடுத்தாச்சு. மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒண்ணு, கோட்டைப் பக்கம் ஒண்ணு. இனி எங்களால ஒழிச்சுத் தர முடியாது. சங்கத்துல கேட்டாலும் நீங்க கையெழுத்துப் போட்டுத் தந்ததுன்னுதான் சொல்லுவாங்க." சற்று நிறுத்தி, ஆவுடையம்மாளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "கைக்கு ஆள் வேணும்தான். நான் வேற ஒருத்திகிட்டப் பேசி வச்சிருக்கேன். நீங்க வரதா இருந்தா அவள வேண்டாம்னு சொல்லிடுவேன்."

ஆவுடையம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்துத் தொட்டிகளில் அடிக்கிற சத்தம் குறைந்திருந்தது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்று வந்துவிட்டாள்.

யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்த வாரமே ஃபர்ஸானா போன் செய்து, தோப்பும்படிக்காரர்களிடம் கொடுத்துவிட்டார்கள், மன்னிக்கணும் சேச்சி என்றாள். களத்து ஆட்களும் ஒவ்வொருவராகத் தங்கள் மூட்டையை ஆட்டோவில் அனுப்ப ஆரம்பித்தார்கள். வெளுத்த துணியை அந்த வண்டியில் ஏற்ற யாருக்கும் மனம் இல்லை. நல்லசிவம் எண்ணெய் ஊற்றி ஊற்றிக் கொஞ்ச நாள் ஓட்டினான். ஒருநாள் பாலத்தின் மேல் ஏறும்போது எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்க, மழையில் நனைந்துகொண்டே அவனும் வழியில் போனவர்களும் ஓரத்துக்குத் தள்ளினார்கள். பழைய இரும்பு வாங்குகிறவன் அங்கேயே வந்து கட்டி இழுத்துக்கொண்டு போனான்.

ஆவுடையம்மாள் அடுத்த திங்கட்கிழமை காலை சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினாள். தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. கல்லின் இடது மூலையில் ஒரு பிசிறு உண்டு, துணி மாட்டிக் கிழியும். அவள் கை அதை விட்டு விலகியே அடித்தது. மகா அதில் இரண்டு விரிப்பைக் கிழித்துவிட்டதாக முந்தின நாள் தங்கதுரை சொன்னான். அவள் மகாவுக்கு அந்த இடத்தைக் காட்டவில்லை. பெரிய விரிப்புகளைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை மகா பிடித்தாள், மறுமுனையை அவள். எதிரெதிர்ப் பக்கம் முறுக்கும்போது மகா, "பையப் போதும் அக்கா," என்றாள். அந்தத் தொட்டியில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவள் முறுக்கைத் தளர்த்தினாள்.

நல்லசிவத்துக்கு வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் டிரைவர் வேலை கிடைத்தது. ஏசி போட்ட புதுக் கார். நீலச் சட்டை. காலையில் படகுத்துறைக்குப் போகும்போது செருப்பில் சேறு படாமல் பார்த்துப் பார்த்து நடந்தான். ஆபீஸில் எல்லோரும் அவனை நல்லசிவம் சேட்டன் என்று கூப்பிட்டார்கள்; அதை வீட்டில் வந்து சொன்னான். அவன் முகம் தெளிந்திருந்தது. படுத்ததும் தூங்கினான். அவளிடம் அன்பாகக்கூட இருந்தான். வரும்போது சில நாள் பழம்பொரி வாங்கிவந்து, சூடு ஆறும் முன்னால் தின்னச் சொன்னான். அவள் தின்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஊரிலிருந்து அவன் சித்தி லோகாம்பாள் போனில் அழைத்தாள். அவளுக்குக் காது மந்தம், அதனால் நல்லசிவம் ஸ்பீக்கரில் போட்டு உரக்கப் பேசுவான். ஆவுடையம்மாள் களத்திலிருந்து வந்து, நனைந்த சேலையை மாற்றிவிட்டு, அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"தொட்டியா? அதெல்லாம் எப்பமோ விட்டாச்சு சித்தி," என்று அவன் சொல்வது கேட்டது. "நான் இப்ப ஆபீஸ் வண்டி ஓட்டுறேன். ஆமா, கம்பெனிதான். அவளா? அவதான் சும்மா இருக்க மாட்டேன்னு போறா. நான் சொன்னா கேக்கவா செய்தா. இந்தா, அவகிட்டயே கேளுங்க."

போனை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலுக்கு வந்து நீட்டினான். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"ஏட்டி ஆவுடை," என்றாள் லோகாம்பாள், "அவன்தான் நல்ல உத்தியோகத்துல இருக்கானே. இந்த வயசுல நீ எதுக்குட்டி தண்ணிக்குள்ள போய் நிக்க?"

நல்லசிவம் வாசலிலேயே நின்றான். அவளைப் பார்க்காமல் நிலையில் பெயர்ந்திருந்த பெயின்ட்டை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான்.

"சும்மா இருந்தா கை காலெல்லாம் பிடிச்சுக்கிடுது அத்தை," என்றாள் ஆவுடையம்மாள். "அதான் போறேன்."